உறவுமுறை: பயணி

மே 5, திங்கள்

முடிவு செய்தாகிவிட்டது. பதினேழாம் தேதி சனிக்கிழமை தவளைக்கானல் ஏரிக்குப் போகிறோம். யாருக்குத் தலைவலி வந்தாலும் சரி, வயிற்று வலி வந்தாலும் சரி, போகிறோம்.

காலை முதல் டிரிப்பில் டிரைவர் அந்தோணிச்சாமி அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். மேல்மலையில் காட்டுக்குள் ஓர் ஏரி. ஒரு நாளைக்கு இருபது பேரைத்தான் வனத்துறை உள்ளே விடும். செக்போஸ்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. ஏற்றமே கிடையாதாம்.

"எம் மாமியாளே சிரிச்சுக்கிட்டு நடந்துருச்சு. ஒனக்கென்ன தாயி, போயிட்டு வா" என்றார்.

பதினான்கு வருடமாக வத்தலக்குண்டு – திண்டுக்கல் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறேன். போன தூரத்தையெல்லாம் சேர்த்தால் பூமியைப் பல முறை சுற்றியிருப்பேன். எல்லாம் கம்பியைப் பிடித்து நின்றபடி. காலால் நடந்து ஓர் அழகான இடத்துக்குப் போனதாக ஞாபகமே இல்லை. சந்தோஷத்தில் அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டிய ஒரு பெரியவரை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டேன். நன்றாகத் திட்டினார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

யூனியனில் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்று திறந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். இவர், ஞானசேகர், ரிப்பேருக்கு வந்த மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டே "அட்டை கடிக்குமே செல்வி" என்றார். இவர் மகள் தர்ஷிகா, பதிமூன்று வயது, "ம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

மறுநாள் பதினெட்டாம் தேதி திருச்சியிலிருந்து அமுதா வருகிறாள். இவருடைய முதல் மனைவி வசந்தா அக்காவின் தங்கை. அக்கா இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தர்ஷிகாவைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதாக அமுதா கேட்டிருக்கிறாள். போவதா, இங்கேயே இருப்பதா என்று தர்ஷிகா அன்றைக்குச் சொல்ல வேண்டும். அவள் இஷ்டம். நான் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது, எனக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஏரிக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. டெப்போவில் பத்தாம் தேதியே லீவு தருவதாகச் சொன்னார்கள். பதினேழுதான் வசதி என்று நான் சொன்னேன்.

மே 7, புதன்

வனத்துறை விண்ணப்பம் வந்தது. என் கையெழுத்து ஓடுகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய கையெழுத்து, எனக்கே புரியாது. அதனால் தர்ஷிகாவிடம் கொடுத்தேன்.

குழுத் தலைவர்: மு. முத்துச்செல்வி, வயது 38. (ஏற்பாடு செய்தது நான்தானே!) அடுத்த வரி: ஞானசேகர், 44, தலைவருக்கு உறவுமுறை: கணவர். அடுத்த வரி: தர்ஷிகா, 13, உறவுமுறை:

அங்கே பேனா நின்றது. நான் அடுப்படியில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது படிவம் மடித்து உறைக்குள் இருந்தது. அப்படியே தபாலில் போட்டுவிட்டேன்.

தர்ஷிகா என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குறையாக எழுதவில்லை, நிலவரம் அதுதான். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் "சித்தின்னு கூப்பிடும்மா" என்றார்கள். "எனக்கு ஏற்கெனவே ஒரு சித்தி இருக்காங்களே" என்றாள். நியாயம்தான். அம்மா என்கிற சொல்லும் காலி இல்லை. அக்கா என்று கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். ஏதாவது வேண்டுமென்றால் என் எதிரில் வந்து நிற்பாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் பேசுவாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேனென்றால் காத்திருப்பாள். நல்ல பிள்ளை. சண்டை போட்டால்கூடத் தேவலை.

மே 9, வெள்ளி

மூன்று பேருக்கும் ஷூ வாங்கியாகிவிட்டது. எனக்குச் சிவப்பு நாடா! முப்பத்தெட்டு வயதில் சிவப்பு நாடா எதற்கு என்று இவர் கேட்கவில்லை, பார்த்தார். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நாலு சுற்று நடந்தேன். தர்ஷிகா சிரித்த மாதிரி இருந்தது. புத்தகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கலாம்.

மே 10, சனி

இன்று என்னிடம் பேசியது பதினோரு வார்த்தை. நான் எண்ணவில்லை, சும்மா தெரிந்தது.

மே 12, திங்கள்

அமுதா போன் செய்தாள். தர்ஷிகா மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள். துணி காயப் போடும்போது காதில் விழுந்தது. "இல்ல சித்தி... அவங்க ஏதோ ஏரிக்குப் போலாம்னு... ஆமா, அவங்கதான்... வாங்க சித்தி, நேர்ல சொல்றேன்."

இரண்டு முறை ‘அவங்க’. மரியாதையாகத்தான் சொன்னாள்.

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது! அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் ஒரு தடவை படிக்கிறேன்.

மே 14, புதன்

வாய்க்கால் கரையில் ஒத்திகை நடை, இரண்டு கிலோமீட்டர். இவருக்கு அரைக் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. "மோட்டாருக்கே ரெஸ்ட் குடுக்கணும் செல்வி" என்று மதகில் உட்கார்ந்துவிட்டார். தர்ஷிகாவும் நானும் மட்டும் பேசாமல் மீதியை நடந்தோம். அவள் என் நடைக்குச் சரியாக நடந்தாள். ஒரு தடவைகூட முந்தவில்லை, பிந்தவில்லை.

மே 16, வெள்ளி

கட்டுச்சோறு தயார். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை ஆறு. பிளாஸ்டிக் கூடாதாம், வாழையிலை வாங்கி வைத்தேன். தூக்குச் சட்டியைத் துடைக்கும்போது வழக்கம்போல மூடியில் ‘வசந்தா’ என்று வெட்டியிருந்தது கையில் தட்டுப்பட்டது. இந்த வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் அக்கா பெயர்தான். எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நல்ல கனமான பாத்திரம். எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எடுத்து வைத்தேன். அக்காவும் வரட்டும்.

உப்புப் பொட்டலம் (அட்டைக்கு). கயிறு. டார்ச். என் விசில். விசில் எதற்கு என்று இவர் கேட்டார். பதினான்கு வருடமாக அது இல்லாமல் நான் வெளியே போனதில்லை.

தூக்கம் வரப்போவதில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது.

மே 17, சனி

எங்கே தொடங்குவது! கை வலிக்கிற வரை எழுதப்போகிறேன்.

ஐந்தரை மணி பஸ். மலை ஏற ஏறக் காது அடைத்தது. அந்த பஸ் கண்டக்டர் படியில் நின்று பேசிக்கொண்டே வந்தார், வளைவில் விசில் கொடுக்கவே இல்லை. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன். இவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

செக்போஸ்டில் வனக்காவலர் ஒரு பெண். கலாவதி என்று பெயர். என் வயதுதான் இருக்கும், விறைப்பான ஆள். அனுமதிக் கடிதத்தை வாங்கியவள், ஆபீஸிலிருந்து வந்திருந்த எங்கள் படிவத்தை எடுத்துப் பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினாள்.

"இது என்னம்மா காலியா இருக்கு? பாப்பாவுக்கு உறவுமுறை எழுதலையே?"

"விட்டுப் போச்சு போல" என்றேன்.

"காலியா இருந்தா உள்ள விட முடியாதும்மா. தலைவருக்கு யார் என்னன்னு இருக்கணும். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நாங்கதான பதில் சொல்லணும்?"

இவர் வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். தர்ஷிகா பேனாவை வாங்கினாள். குனிந்து எழுதிக் கொடுத்தாள்.

கலாவதி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் கண்டக்டர்."

"அதான பாத்தேன்" என்று சிரித்தாள். படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். உறவுமுறை: பயணி.

எல்லோரும் சிரித்தோம். நானும் சத்தமாகச் சிரித்தேன். கெட்டிக்காரி! எப்படித் தோன்றியது பாருங்கள்! பயணி என்றால் தன் ஊர் வந்ததும் இறங்கிக்கொள்கிறவர், அவ்வளவுதான். கோபப்பட என்ன இருக்கிறது.

அடுத்தது விசில். கலாவதி கையை நீட்டினாள். "விசில், ஸ்பீக்கர் ரெண்டும் உள்ள கூடாது. காட்டெருமை திரியுற இடம்." நான் ஊதவே மாட்டேன், சும்மா பையில் இருக்கட்டும் என்று வாதாடினேன். அவள் கேட்கவில்லை. நான் வாதாடிக்கொண்டிருந்தபோதே ஏரிக்கரையில் எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று அவள் மற்ற இருவரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விசிலை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

அப்புறம் காடு! அந்தோணிச்சாமி அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை, ஏற்றமே இல்லை. சருகு மெத்தென்று கிடந்தது. நூறடி போனதும் ரோட்டுச் சத்தம் நின்றது. இரண்டு பக்கமும் மரமெல்லாம் பாசி போர்த்தி நின்றன. ஏதோ ஒரு குருவி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் பேசிக்கொண்டே போனேன். இது என்ன மரம், அது என்ன காய், இந்தக் காற்றை டப்பாவில் அடைத்து திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் விற்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். வழிகாட்டி முன்னால் நடந்த கலாவதி பின்னால் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். இரண்டு நிமிடம் பேசாமல் நடந்தேன். அதுவும் நன்றாக இருந்தது.

பாதி வழியில் இவர் குதிக்கத் தொடங்கினார். "செல்வி, அட்டை! செல்வி, உப்பு!" பார்த்தால் சருகு. மூன்று தடவை இப்படி. நிஜ அட்டை ஏறியது என் கணுக்காலில், எனக்கே தெரியவில்லை. தர்ஷிகா என் எதிரில் வந்து நின்றாள், வழக்கம்போல. நான் பார்த்ததும் குனிந்து உப்பைத் தடவி அதை உதிர்த்துவிட்டாள். ரத்தம் நிற்கிற வரை கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். ரத்தம் கொஞ்சம் மெதுவாகவே நின்றிருக்கலாம்.

ஏரி ஒரு திருப்பத்தில் சட்டென்று வந்துவிட்டது. நான் பார்த்த ஏரி, குளம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டீக்கடையாவது இருக்கும், துணி துவைக்கிற கல்லாவது இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர், அதைச் சுற்றிக் காடு, அவ்வளவுதான். தண்ணீருக்குள்ளும் ஒரு காடு தலைகீழாக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியாது. பெயர்தான் தவளைக்கானல், ஒரு தவளையைக்கூடக் காணோம். "லீவுல போயிருக்கும்" என்றார் இவர்.

பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கலாவதிக்கும் ஓர் இலை போட்டேன். தர்ஷிகா தூக்குச் சட்டி மூடியைக் கையில் வைத்து அந்தப் பெயரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இங்க வந்திருக்காங்களாப்பா?"

"இல்லப்பா. நாங்க மலைக்கே வந்ததில்ல."

"அப்ப எல்லாருக்கும் இதுதான் ஃபர்ஸ்ட் டைம்" என்றாள். பிறகு இரண்டாவது தடவை புளியோதரை கேட்டாள். கேட்டாள் என்றால், இலையை என் பக்கம் தள்ளினாள்.

இரண்டு மணிக்குக் காற்று மாறியது. "மஞ்சு எறங்குது, கெளம்பலாம்" என்று கலாவதி பைகளை எடுக்கப் போனாள். வெள்ளையாகப் புகை மாதிரி மரங்களுக்கிடையில் இறங்கியது. எனக்கோ இன்னும் அரை நாள் இருக்க வேண்டும்போல இருந்தது. ஏரியின் ஓரமாகக் கொஞ்ச தூரத்தில் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை, நடுவில் ஊதாப் பூ. ஒரே ஒரு பூ பறித்து வருவோம், தர்ஷிகா திருச்சிக்குப் போனாலும் புத்தகத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்று வேகமாக நடந்தேன்.

பின்னால் "இங்க பாருங்க!" என்று குரல் கேட்டது. அப்பாவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். "ஏங்க! ஏங்க!" என்று மறுபடியும். கலாவதியாக இருக்கும் என்று நினைத்தேன். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? புல்லில் கால் வைத்தேன். மெத்தென்று இருந்தது. பூ இன்னும் நாலடிதான்.

"ஹோல்டா...ன்!"

காடே அதிர்ந்தது. என் கால் நடுக்காற்றில் அப்படியே நின்றது. வண்டியை நிறுத்த நான் கத்துகிற சொல், பதினான்கு வருடப் பழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டால் என் உடம்பு தானாகவே நின்றுவிடும். அப்போதுதான் பார்த்தேன், புல்லில் ஊன்றியிருந்த இடது கால் முழங்கால் வரை உள்ளே போயிருந்தது. புல்லுக்குக் கீழே தரை இல்லை, சேறு. குளிர்ந்த சேறு மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க! அப்படியே பின்னால சாயுங்க, உக்காருங்க!" மஞ்சுக்குள்ளிருந்து தர்ஷிகாவின் குரல். ஆள் தெரியவில்லை. "பின்னால கெட்டித் தரை இருக்கு. கையை ஊணுங்க. வரட்டும்... வரட்டும்... லேசா லெஃப்ட்ல ஒடிங்க... வரட்டும், வரட்டும், வரட்டும்..."

என்னை பஸ் மாதிரி ரிவர்ஸ் எடுத்தாள்! நானும் உட்கார்ந்த வாக்கில் பின்னாலேயே வந்தேன். ஒடி என்றால் ஒடித்தேன், வரட்டும் என்றால் வந்தேன். கால் ‘பொளக்’ என்று வெளியே வந்தது, ஷூ வரவில்லை. "ஹோல்டான்" என்ற கடைசிக் குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இரண்டு கைகள் என் தோளைப் பிடித்து இழுத்தன.

கலாவதி ஓடி வந்தாள். "போன வருஷம் இதே எடத்துல ஒரு காட்டெருமையே மாட்டிக்கிச்சு. அங்க போகாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே!" என்றாள். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் இடுப்பு வரை போயிருக்குமாம். இவர் என் சேற்றுக் காலைத் தன் துண்டால் துடைத்தார். அதில் ஓர் அட்டை இருந்தது. இவர் அதைக் கவனிக்கவே இல்லை, வெறுங்கையால் எடுத்துப் போட்டார்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் தர்ஷிகாவிடம் கேட்டேன். "ரிவர்ஸ் எடுக்கறதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"டியூஷன் ஜன்னல்ல இருந்து பஸ் ஸ்டாண்டு தெரியும். தினம் அஞ்சே முக்காலுக்கு நீங்க பின்னால நின்னு எடுப்பீங்கல்ல."

"தினமும் பாப்பியா?"

"மேத்ஸ் போரடிக்கும்" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு என் ஒற்றைச் சிவப்பு நாடாவைப் பார்த்துச் சிரித்தாள். இந்த முறை புத்தகம் எதுவும் கையில் இல்லை. நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை. காட்டெருமை எல்லாம் ஓடியிருக்கும். கலாவதி உதட்டில் விரல் வைக்கவில்லை.

மூன்று கிலோமீட்டரும் ஒரு ஷூவோடும், இவருடைய துண்டு சுற்றிய ஒரு காலோடும் நடந்தேன். "போலாம் ரைட்" என்று தர்ஷிகா மெதுவாகச் சொல்லித்தான் கிளம்பினோம். வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை. செக்போஸ்டில் நான் முகம் கழுவப் போன நேரத்தில் கலாவதி விசிலை தர்ஷிகாவிடம் கொடுத்திருக்கிறாள். திரும்பக் கேட்க மறந்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

கால் வலி. அமுதா வந்தாள். நல்ல பெண், எனக்கும் மல்லிகைப் பூ வாங்கி வந்திருந்தாள். கோழிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டதும் சித்தியும் பிள்ளையும் அறைக்குள் போய் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் சேறு பட்ட சேலையை மூன்று தடவை அலசினேன்.

வெளியே வந்த அமுதாவின் கண் சிவந்திருந்தது. தர்ஷிகா என் எதிரில் வந்து நின்றாள். "நாளைக்கு உங்க பஸ் ஏழே கால்தான? நாங்க அதுலயே திண்டுக்கல் வர்றோம்" என்றாள்.

நாங்க. புரிந்துவிட்டது. கேட்க என்ன இருக்கிறது? இவரிடமும் கேட்கவில்லை. இவர் ஏதோ சொல்ல வந்தார், தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். முறுக்கு ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கட்டி வைத்திருக்கிறேன். ஏரியை இந்தப் பிள்ளையோடு பார்த்தாயிற்று, அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. விசிலையும் அவளிடம் கேட்கவில்லை.

மே 19, திங்கள்

ஏழே காலுக்கு வண்டி எடுக்கும்போது இருவரும் ஏறினார்கள். அமுதா கையில் பை இருந்தது. தர்ஷிகா ஒரு சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தேன். விசில் இல்லாததால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. அழுகையை அடக்க அது உதவியாகத்தான் இருந்தது.

முன் சீட்டுக்கு வந்தேன். டூட்டியில் எல்லோரும் ஒன்றுதான். "டிக்கெட்?" என்றேன்.

அமுதா "ஒரு திண்டுக்கல்" என்றாள்.

"ரெண்டு பேர் இருக்கீங்களே."

அமுதா தர்ஷிகாவைப் பார்த்தாள். தர்ஷிகா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, பஸ்ஸில் எங்கள் ஆட்கள் ஏறினால் டிக்கெட் வாங்காமல் எப்படிச் சொல்வார்களோ அதே அலட்சியத்தோடு சொன்னாள்.

"ஸ்டாஃப்."

மெஷினில் வைத்த விரல் அப்படியே நின்றது.

"என்னைய பஸ் ஏத்தி விடத்தான் வர்றாளாம்" என்றாள் அமுதா. "திருச்சிக்கு வர மாட்டேன்னு நேத்தே சொல்லிட்டா. எங்க கண்டக்டருக்கு முன்னால என்ன இருக்குன்னு பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும் சித்தின்னு சொல்றா. உங்ககிட்ட சொல்லலையா?"

எங்க கண்டக்டர். தர்ஷிகா மடியிலிருந்த பையைத் திறந்து என் விசிலை எடுத்து நீட்டினாள். "திரும்பி வரும்போது பழைய வத்தலக்குண்டுல மட்டும் நான் ஊதட்டா?"

"டூட்டில அதெல்லாம் கூடாது" என்றேன். விசிலை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. பின்னால் யாரோ "ஏம்மா, பாக்கிச் சில்லறை" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவே இல்லை. கண்ணாடியில் பார்த்த அந்தோணிச்சாமி அண்ணன் "என்ன தாயி, வண்டி போகவா நிக்கவா?" என்றார்.

விதி விதிதான். செக்கிங் ஏறினால் ஸ்டாஃபின் மகள் என்று சொல்லித் தப்ப முடியாது. அவளுக்கும் டிக்கெட் போட்டுக் கையில் கொடுத்தேன், போக ஒன்று, வர ஒன்று. அவள் திரும்பி வந்த டிக்கெட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். திரும்பும்போது பழைய வத்தலக்குண்டு ஸ்டாப்பில் இரண்டு விசில் கேட்டது. நான் ஊதவில்லை.